ரீலோடிங் தொடங்குகிறேன்: முதலில் எந்தக் கையேடு வாங்குவது?

புது_பிரஸ்:
அனைவருக்கும் வணக்கம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும் ரீலோடிங் வேலைக்கு, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் ஒன்று கைக்கு வந்துவிட்டது. டை செட் (கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து புல்லட்டை அமர்த்தும் அச்சுகள்) இரண்டு இருக்கிறது: ஒன்று .38 ஸ்பெஷல் / .357 மேக்னம் ரிவால்வர் தோட்டாக்களுக்கு, இன்னொன்று .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு. உரிமம், சட்ட விஷயங்களை எல்லாம் முடித்துவிட்டேன், கேள்வி அதைப் பற்றியது அல்ல. பவுடர், அதைப் பற்றவைக்கும் பிரைமர், முன்னால் பறக்கும் புல்லட் எதுவும் இன்னும் வாங்கவில்லை. "முதலில் புத்தகத்தை வாங்கிப் படி, அப்புறம் மற்றதை வாங்கு" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் குழப்பம். லைமன், ஹார்னடி, ஸ்பியர், சியெரா, நாஸ்லர், லீ என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் இரண்டு கையேடுகளை வாங்கிப் புரட்டினேன். அதே .308, அதே எடையுள்ள புல்லட், அதே பவுடர். பவுடரின் உச்ச அளவு மட்டும் இரண்டிலும் வேறு வேறாக இருக்கிறது. அப்படியானால் ஒன்று தப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவீர்கள்?

கிரெய்ன்_பைத்தியம்:
வாங்கவே வேண்டாம் என்பேன். பவுடர் கம்பெனிகள் எல்லாமே தரவை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. ஹாட்ஜ்டன் தளத்துக்குப் போய் தோட்டா, புல்லட் எடை, பவுடர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் ஆரம்ப அளவு, உச்ச அளவு, வேகம், அழுத்தம் எல்லாம் வந்துவிடும். அலையன்ட், விஹ்டாவூரி, புல்லட் கம்பெனிகளான நாஸ்லர், பார்ன்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. புத்தகம் அச்சாகி வருவதற்குள் புது பவுடர் நான்கு வந்துவிடுகிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல தராசு வாங்குங்கள்.

பித்தளைக்கூடு:
தராசு விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். புத்தகம் வேண்டாம் என்பதில் இல்லை. அந்தத் தளங்கள் அட்டவணையைத் தருகின்றன, வேலையைக் கற்றுத் தருவதில்லை. கேஸை (பித்தளைக் கூட்டை) எங்கே பார்த்தால் விரிசல் தெரியும், பிரைமர் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும், சுட்டு விரிந்த கேஸைச் சுருக்கும் சைஸிங் டையை எவ்வளவு இறக்க வேண்டும், கிரிம்ப் (கேஸ் வாயை புல்லட் மேல் இறுக்குவது) எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்: இதெல்லாம் எந்த அட்டவணையிலும் கிடையாது. புதிதாக வருபவருக்கு முதல் சில மாதங்கள் தேவைப்படுவது புத்தகத்தின் முன்பாதிதான்.

புது_பிரஸ் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு புத்தகமும் சரிதான்.

கையேட்டில் இருக்கும் ஒரு வரி, சமையல் குறிப்பு மாதிரி எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விதி அல்ல. அது ஒரு சோதனையின் பதிவு. ஒரு ஆய்வகத்தில், ஒரு குறிப்பிட்ட பேரலில், ஒரு கம்பெனியின் கேஸில், ஒரு பிரைமரோடு, ஒரு லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) பவுடரோடு, ஒரு புல்லட்டை ஒரு நீளத்துக்கு அமர்த்திச் சுட்டார்கள், இது வந்தது. அவ்வளவுதான். அடுத்த ஆய்வகத்தில் இவற்றில் இரண்டோ மூன்றோ மாறியிருக்கும், அதனால் எண்ணும் மாறும்.

அந்த இரண்டு புத்தகத்தையும் மறுபடி எடுங்கள். அட்டவணைக்கு மேலேயோ பக்கத்திலேயோ சின்ன எழுத்தில் ஒரு பெட்டி இருக்கும். என்ன துப்பாக்கி அல்லது சோதனை பேரல், நீளம், ட்விஸ்ட் (பேரலின் உள்வரிகள் சுழலும் வேகம்), கேஸ் எந்தக் கம்பெனி, பிரைமர் எது, தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்னென்ன வேறுபடுகிறது என்று இங்கே எழுதுங்கள்.

மூத்த_லோடர்:
பித்தளைக்கூடு சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். என் அலமாரியில் பழைய கையேடுகள் வரிசையாக இருக்கின்றன. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள், தம்பி. செய்முறை விளக்கம் அன்றைக்கு எழுதியதுதான் பொறுமையாக எழுதியது. இப்போது வருவதில் பாதி அந்தக் கம்பெனியின் சாமான் விளம்பரம்.

லேத்_அக்கா:
ஐயா, விளக்கம் படிக்கப் பழைய புத்தகம் சரி. தரவுக்கு அதைத் தொட வேண்டாம் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். பழையதில் அழுத்தத்தை செம்புத் துண்டு நசுங்கும் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள், இப்போது பீசோ டிரான்ஸ்டியூசர் என்ற மின் உணரி. இரண்டு அளவும் ஒன்றல்ல, ஒன்றை இன்னொன்றாக மாற்ற நம்பகமான சூத்திரமும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு "ஓ, இது குறைவுதான்" என்று புதியவர் நினைத்துக்கொள்வார். பெயர் குழப்பம் வேறு இருக்கிறது. 1995க்கு முந்தைய புத்தகத்தில் ஹெர்குலிஸ் என்று இருக்கும் பவுடர்கள் இன்று அலையன்ட் டப்பாவில் வருகின்றன.

மூத்த_லோடர்:
சரி, அக்கா. தரவு புதுசிலிருந்து, பாடம் பழசிலிருந்து. அதில் சண்டை இல்லை.

புது_பிரஸ்:
பார்த்தேன். அசந்துவிட்டேன்! ஒரு புத்தகத்தில் 22 அங்குல பேரல் உள்ள ஒரு ரைஃபிளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், இன்னொன்றில் 24 அங்குல சோதனை பேரல். கேஸ் கம்பெனி வேறு. பிரைமரும் வேறு. புல்லட் எடை ஒன்றுதான், ஆனால் ஒன்று தட்டையான பின்பக்கம், இன்னொன்று படகு வால். மொத்த நீளமும் வேறு. இதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை, நேராக அளவுக் கட்டத்துக்குப் போய்விட்டேன்.

பித்தளைக்கூடு:
எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். அந்தக் கட்டம் கண்ணை இழுக்கிற மாதிரி அச்சடித்திருக்கிறார்கள்.

இப்போது எந்தப் புத்தகம் என்ற கேள்வி. கையேடுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

புல்லட் கம்பெனி போடுவது முதல் வகை. ஹார்னடி, சியெரா, ஸ்பியர், நாஸ்லர், பார்ன்ஸ் எல்லாம் இதில் சேரும். தங்கள் புல்லட்டைப் பல கம்பெனிகளின் பவுடரோடு சோதித்திருப்பார்கள். நீங்கள் ஹார்னடி புல்லட் மட்டும்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹார்னடி புத்தகம் உங்களுக்குப் பொன். நாளைக்கு வேறு புல்லட் வாங்கினால் அது பாதிப் பொன்கூட இல்லை.

இரண்டாவது, பவுடர் கம்பெனி போடுவது. தங்கள் பவுடரைப் பலருடைய புல்லட்டோடு சோதித்திருப்பார்கள். கிரெய்ன்_பைத்தியம் சொன்ன ஹாட்ஜ்டன், அலையன்ட், விஹ்டாவூரி தளங்கள் இவைதான். இவற்றைப் புத்தகமாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை, தளத்தில் இருப்பதுதான் புதிது.

மூன்றாவது, இரண்டும் விற்காதவர்கள் போடுவது. இதில் லைமன் முக்கியம். அவர்கள் விற்பது கருவிகள், அச்சுகள். அதனால் பல கம்பெனிகளின் புல்லட், பல கம்பெனிகளின் பவுடர், வார்த்த ஈயப் புல்லட் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 50ஆம் பதிப்பு 2016இல் வந்தது, அதன் பிறகு 51உம் வந்துவிட்டது. பெரும்பாலான வரிகளில் அழுத்தத்தையும் போட்டிருப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஹார்னடி புத்தகத்தில் அது கிடையாது.

ஒன்றே ஒன்று என்றால் லைமனின் புதிய பதிப்பு. இன்னும் எந்தப் புல்லட் என்று முடிவு செய்யாதவருக்கு அதுதான் பொருந்தும்.

கிரெய்ன்_பைத்தியம்:
லீ கம்பெனியின் மாடர்ன் ரீலோடிங் இரண்டாம் பதிப்பை யாரும் சொல்லவில்லையே? பக்கமும் அதிகம், பவுடர் பட்டியலும் நீளம். பார்த்தால் அதுதான் லாபமாகத் தெரிகிறது.

லேத்_அக்கா:
அதில் இருக்கும் தரவு லீ ஆய்வகத்தில் சுட்டு எடுத்தது அல்ல, பவுடர் கம்பெனிகளின் தரவைத் தொகுத்தது. அதனால் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாம் மேலே பேசிய அந்தச் சின்ன எழுத்துப் பெட்டி அதில் மெலிந்து போயிருக்கும். எந்த பேரல், எந்த கேஸ், எந்த பிரைமர் என்று தேடினால் கிடைக்காது. பல இடங்களில் புல்லட்டையே "ஜாக்கெட் புல்லட், இத்தனை கிரெய்ன்" (ஜாக்கெட் என்றால் செம்புத் தோல், கிரெய்ன் எடை அலகு) என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். பொதுவாகச் சொன்னது எந்த வடிவத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய அனுபவம் வேண்டும், புதியவரிடம் இல்லாதது அதுதான்.

லீ டிப்பர் கரண்டி வைத்து அளப்பவர்களுக்கு அந்தப் புத்தகம் உதவும். பவுடரின் கன அளவுக் கணக்கு அதில் நன்றாக இருக்கிறது. இரண்டாவது புத்தகமாக வாங்கலாம்.

மூத்த_லோடர்:
ஒரே காலிபருக்கு மட்டும் ஸ்பைரல் கட்டில் சின்னப் புத்தகம் வருகிறதே, லோட்புக்ஸ், அதையும் சொல்லுங்கள். ஒரு காலிபருக்குப் பல கம்பெனிகளின் பக்கங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பெஞ்ச் மேல் விரித்தால் மூடிக்கொள்ளாது. எனக்குப் பிடிக்கும்.

பித்தளைக்கூடு:
நல்ல யோசனைதான், ஐயா. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட வசதி இல்லை. சேர்க்கப்பட்ட பக்கங்கள் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து வந்தவை என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரல்_உலக்கை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் புதிதுதான். .38 ஸ்பெஷலுக்கு ஒரு காணொளியில் ஒருவர் தன் அளவைச் சொன்னார், அவர் பல வருடமாக அதையே போடுகிறாராம். அதே பவுடர் என்னிடமும் இருக்கிறது. அளவு இதுதான்: [நெறியாளரால் நீக்கப்பட்டது]. இதைப் போடலாமா?

நெறியாளர்:
இங்கே கிரெய்ன் அளவுகளைப் பதிவிடுவதில்லை. கையேட்டின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிடலாம், எண்ணை அவரவர் அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டச்சில் ஒரு புள்ளி இடம் மாறினால் போதும். பேச்சு தொடரட்டும்.

லேத்_அக்கா:
உரல்_உலக்கை, உங்கள் கேள்வி இந்த இழைக்குப் பொருத்தமானதுதான். .38 ஸ்பெஷலை எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

அந்தத் தோட்டா 1898இல் வந்தது. கரும்பவுடர் காலத்து வடிவம், அதனால் கேஸ் உள்ளே இடம் தாராளம். இன்றைய வேகமாக எரியும் பிஸ்டல் பவுடர் அதில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. அழுத்த வரம்போ 17,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .357 மேக்னத்துக்கு 35,000. வெளி விட்டம் ஒன்றுதான், நீளம்தான் கொஞ்சம் கூடுதல், ஆனால் வரம்பு இரண்டு மடங்குக்கு மேல்.

ஆகவே காணொளிக்காரர் சொன்ன எண்ணைக் கேட்கும்போது, அவருடைய துப்பாக்கி எது, .38ஆ .357ஆ, ஈயப் புல்லட்டா ஜாக்கெட்டா, எவ்வளவு ஆழத்தில் அமர்த்தினார் என்று எதுவும் தெரியாமல் கேட்கிறீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. அவருடைய சின்ன எழுத்துப் பெட்டி உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். புத்தகத்தில் அந்த அளவைத் தேடுங்கள். புல்லட் உட்பட பொருந்துகிற ஒரு வரி கிடைத்தால் அதன் ஆரம்ப அளவிலிருந்து தொடங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தக் காணொளியை மறந்துவிடுங்கள்.

ஊற்றிய பிறகு கேஸ்கள் எல்லாவற்றையும் லோடிங் பிளாக்கில் வரிசையாக நிற்க வைத்து, டார்ச் அடித்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு புல்லட்டைக்கூட அமர்த்தாதீர்கள். இரட்டை அளவும் தெரியும், ஒன்றுமே ஊற்றாத கேஸும் தெரியும். ஊற்றாததும் ஆபத்துதான். பிரைமர் மட்டும் வெடித்து, புல்லட் பேரலிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி போகும், கையும் போகலாம்.

உரல்_உலக்கை:
புரிந்தது அக்கா. நன்றி.

புது_பிரஸ்:
ஆரம்ப அளவு என்பதில் ஒரு சந்தேகம். சில அட்டவணையில் ஆரம்ப அளவு இருக்கிறது, சிலதில் உச்சம் மட்டும்தான். உச்சம் மட்டும் இருந்தால் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு என்று படித்தேன். எப்போதும் அப்படித்தானா? அதைவிடக் குறைத்தால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?

பித்தளைக்கூடு:
பத்து சதவீதம் என்பது பொதுவான வழக்கம், ஹாட்ஜ்டனும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே ஹாட்ஜ்டன் எச்110, வின்செஸ்டர் 296 இரண்டையும் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தனியாக எச்சரிக்கிறது. நீங்கள் .357 மேக்னம் செய்யப் போகிறீர்கள், இந்த இரண்டு பெயரும் கண்டிப்பாக உங்கள் எதிரில் வரும். மெதுவாக எரியும் அந்த வகை உருண்டைப் பவுடர் கேஸ் நிறைய இருந்தால்தான் ஒழுங்காகப் பற்றும். குறைத்தால் சரியாகப் பற்றாமல் புல்லட் பேரலில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆக, "குறைத்தால் பாதுகாப்பு" என்பது எல்லா இடத்திலும் செல்லாது. அட்டவணை கொடுத்திருக்கும் எல்லைக்குக் கீழேயும் போகக் கூடாது, மேலேயும் போகக் கூடாது.

இன்னொன்று: எச்110, 296 இரண்டும் ஒரே பவுடர், டப்பா மட்டும் வேறு. எச்பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டுப் புதியவர்கள் எச்4895, ஐ.எம்.ஆர். 4895 இரண்டும்கூட ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். அவை வேறு வேறு பவுடர். 4350 எண்ணிலும் இதே கதை. எண் ஒன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முன்னால் இருக்கும் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். .308க்கு 4895 இரண்டுமே பரவலாகப் பயன்படுவதால்தான் இதைச் சொல்கிறேன்.

கிரெய்ன்_பைத்தியம்:
இதற்குத்தான் தளம் நல்லது என்கிறேன். கீழ்ப்பட்டியலில் முழுப் பெயரும் வந்துவிடும், எழுத்தைத் தவறவிட வாய்ப்பில்லை.

பித்தளைக்கூடு:
தளத்தைப் பாருங்கள், தாராளமாக. புத்தகத்தில் ஒரு வரி, பவுடர் கம்பெனி தளத்தில் ஒரு வரி, புல்லட் கம்பெனியிடம் இருந்தால் அதிலும் ஒரு வரி. இரண்டு இடத்திலாவது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் தராசைத் தொட வேண்டும். ஒத்துப்போவது என்றால் எண் அச்சாக ஒன்றாக இருப்பது அல்ல, பக்கத்தில் இருப்பது. ஒரு புத்தகத்தின் ஆரம்ப அளவு இன்னொன்றின் உச்சத்துக்கு மேலே இருந்தால் நிறுத்திவிட்டு ஏன் என்று தேட வேண்டும். பெரும்பாலும் புல்லட் வடிவமோ அமர்த்தும் நீளமோதான் காரணமாக இருக்கும்.

திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வதாக இருந்தால் அந்தச் சின்ன எழுத்துப் பெட்டியும் படத்தில் விழும்படி எடுங்கள். அதை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் படம் பிடித்து வாட்ஸாப்பில் சுற்றவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மூத்த_லோடர்:
செயலி, சிமுலேஷன் மென்பொருள் எல்லாம் வந்துவிட்டதே. எண்ணைப் போட்டால் அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது.

லேத்_அக்கா:
குயிக்லோட், கோர்டன்ஸ் ரீலோடிங் டூல் இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் கேஸின் உள் கொள்ளளவைத் தண்ணீர் நிரப்பி அளந்து போடத் தெரிந்தவருக்கு. நிரலில் முன்கூட்டியே போட்டிருக்கும் பொதுவான எண்ணை அப்படியே விட்டுவிட்டால் வரும் விடையும் பொதுவாகத்தான் இருக்கும், உங்கள் கேஸுக்கு இருக்காது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் லோட் (எந்தப் பவுடர், எவ்வளவு) கேட்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சோதித்துப் பார்க்காத ஒன்று சொல்லும் எண்ணை நெற்றிக்கு முன்னால் பிடித்துச் சுட முடியாது.

புது_பிரஸ்:
.308க்கு வருகிறேன். ராணுவ கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். அதற்குத் தனிக் கையேடு வேண்டுமா? அப்புறம் முழுச் செம்புப் புல்லட் வாங்கலாம் என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது.

லேத்_அக்கா:
இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம், தம்பி. முதலில் சாதாரண கேஸ், ஈய உட்கருவுள்ள சாதாரண ஜாக்கெட் புல்லட். ஏன் என்று சொல்கிறேன்.

ராணுவ 7.62 கேஸின் சுவர் பெரும்பாலும் தடிமன். வெளியே ஒரே அளவு, உள்ளே இடம் குறைவு. அதே பவுடர் அளவைப் போட்டால் அழுத்தம் கூடும். கையேட்டில் எந்த கேஸில் சோதித்தார்கள் என்று எழுதியிருப்பது இதற்குத்தான் பயன்படுகிறது. பிரைமர் உட்காரும் குழியைச் சுற்றி கிரிம்ப் இருந்தால் அதை எடுக்கும் வேலை தனி.

முழுச் செம்புக்கு அடர்த்தி குறைவு, அதனால் அதே எடைக்குப் புல்லட் நீளம் கூடும். அந்தக் கூடுதல் நீளம் கேஸுக்குள் இடம் பிடிக்கும், இல்லை என்றால் பேரலின் உள்வரிகளான ரைஃப்ளிங் பக்கம் நீளும். 150 கிரெய்ன் என்று பார்த்து ஈயப் புல்லட்டின் 150 கிரெய்ன் வரியைப் போடக் கூடாது. பார்ன்ஸ் மாதிரி அதைச் செய்பவரின் தரவுதான் வேண்டும். இந்த இடத்தில் லைமன் மட்டும் போதாது, செய்பவரின் தளம் கட்டாயம்.

முலாம் பூசிய புல்லட்டும் இப்படித்தான். வெளியே பார்த்தால் ஜாக்கெட் மாதிரி இருக்கும், ஆனால் தோல் மெல்லியது. வேகத்துக்கு எல்லை உண்டு. எந்தத் தரவைப் பயன்படுத்த வேண்டும், எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்று செய்பவரே தளத்தில் எழுதியிருப்பார், அதைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூத்த_லோடர்:
வார்த்த ஈயத்துக்கு லைமனே தனியாக ஒரு கையேடு போட்டிருக்கிறது. .38 ஸ்பெஷலுக்கு ஈயம்தான் அழகு. நீங்களே வார்க்கத் தொடங்கும் நாளில் அதை வாங்கிக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை.

பித்தளைக்கூடு:
கையேட்டில் நீளக் கணக்குப் பக்கத்தையும் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு படம் இருக்கும். .308 கேஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டினால் 2.005க்கு வெட்டு என்று போட்டிருப்பார்கள். சுடச் சுட பித்தளை நீண்டுகொண்டே போகும். நீண்ட கேஸின் கழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரின் முனையில் முட்டி புல்லட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் எகிறும். பவுடர் அளவு சரியாக இருந்தும் கேஸ் ஒட்டிக்கொள்கிறது என்று புலம்புபவர்களில் சிலர் வெர்னியரை எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

தோட்டாவின் மொத்த நீளம் .308க்கு 2.810 அங்குலம் வரை. இது எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தரம். 1926இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு அது. ஐரோப்பாவில் சி.ஐ.பி. இருக்கிறது, 1914இல் தொடங்கியது. இரண்டும் அழுத்தத்தை அளக்கும் முறை வேறு, சி.ஐ.பி. முறையில் கேஸிலேயே துளை போட்டு அளப்பார்கள். விஹ்டாவூரி மாதிரி ஐரோப்பிய தரவையும் அமெரிக்கக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். விஹ்டாவூரியில் கிராமும் கிரெய்னும் இரண்டு பத்திகளில் இருக்கும். ஒரு கிராம் 15.43 கிரெய்ன். தராசு எந்த அலகில் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிரெய்ன்_பைத்தியம்:
சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். முதல் ஆறு மாதம் புத்தகம், அப்புறம் தளம். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பத்து வருடம் கழித்தும் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது.

மூத்த_லோடர்:
நான் திரிகிறேனே!

புது_பிரஸ்:
முடிவு செய்துவிட்டேன். லைமன் 51ஆம் பதிப்பு சொல்லியாகிவிட்டது. அது வந்து முன்பாதியைப் படித்த பிறகு .38 ஸ்பெஷலில் தொடங்குகிறேன். லைமனிலும் பவுடர் கம்பெனி தளத்திலும் இரண்டிலும் இருக்கும் ஒரு புல்லட்டையும் பவுடரையும் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், கடையில் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து புத்தகத்தில் தேடுவதாக இல்லை. ரைஃபிள் பிறகு.

பட்டியலில் ஒன்று கிடைக்கவில்லை என்றால்? பிரைமர் தட்டுப்பாடு என்கிறார்களே.

பித்தளைக்கூடு:
பட்டியலில் பவுடர் மூன்றாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் எது கிடைத்தாலும் வீட்டுக்கு வந்து புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. பிரைமர் கம்பெனி மாறினால் ஆரம்ப அளவுக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். வகை மாறக் கூடாது: சின்ன பிஸ்டல் பிரைமர் என்றால் சின்ன பிஸ்டல் பிரைமர்தான், சாதாரணம் என்று போட்ட இடத்தில் மேக்னம் போடக் கூடாது. புது லாட் பவுடர் திறந்தாலும் இதே மாதிரி இறங்கி ஏறுவது நல்லது.

லேத்_அக்கா:
ஒரு தடித்த நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பவுடரின் பெயரும் லாட் எண்ணும், பிரைமர், கேஸ் எத்தனையாவது முறை, மொத்த நீளம், எந்தக் கையேட்டின் எந்தப் பக்கம், சுட்ட அன்றைய வெப்பம், கேஸ் எப்படி வெளியே வந்தது. பெட்டி மேலும் ஒரு சீட்டு. சீட்டு இல்லாத பெட்டியை நான் பிரித்துப் போட்டுவிடுவேன், சுட மாட்டேன். மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரு பவுடர் டப்பா மட்டும்.

புது_பிரஸ்:
கடைசியாக ஒன்று. நண்பரின் கையேட்டில் சில அளவுகளுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து "சி" இருக்கிறது, .308 பக்கத்தில் நிறைய. அது என்ன?

மூத்த_லோடர்:
அழுத்தி அடைத்த லோட் என்று அர்த்தம். புல்லட்டை அமர்த்தும்போது அதன் அடிப்பக்கம் பவுடரை லேசாக நசுக்கும், நெறநெறவென்று சத்தம்கூடக் கேட்கும். அட்டவணையில் குறி போட்டிருந்தால் அது அவர்கள் சோதித்துப் பார்த்ததுதான், பயப்பட வேண்டாம். குறி இல்லாத வரியில் அந்தச் சத்தம் கேட்டால் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு அளவையும் பவுடர் டப்பாவையும் மறுபடி பாருங்கள்.

லேத்_அக்கா:
அமர்த்திய தோட்டாவை மறுநாள் காலையில் வெர்னியரில் ஒருமுறை அளந்துவிடுங்கள், தம்பி. அழுத்திய பவுடர் சில நேரம் புல்லட்டை மெல்ல வெளியே தள்ளிவிடும்.

புது_பிரஸ்:
குறித்துக்கொண்டேன். புத்தகம் வந்ததும் பக்க எண்களோடு பட்டியலை இங்கே போடுகிறேன்.

நெறியாளர்:
பக்க எண்கள் தாராளமாகப் போடலாம்.